அண்ணன் மகள் எங்களிடம் வந்திருக்கிறாள்: அவள் மனசு தேற என்ன செய்யலாம்?

பாலக்கோடு அத்தை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மகள், ஆறு வயது, இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். அண்ணனும் அண்ணியும் கல்யாணமான கையோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள். பாப்பா வளர்ந்ததெல்லாம் சைட்டுக்குப் பக்கத்தில் போட்ட தகர ஷெட்டில்தான். ஒரு சைட் முடிந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த சைட். பக்கத்து ஷெட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போவார்கள். ஆள் கிடைக்காத நாளில் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டும் போயிருக்கிறார்கள். அப்புறம் அண்ணன் குடிக்க ஆரம்பித்தார், அடி உதை. போன வருஷம் அண்ணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பாட்டி வீடு, பெரியம்மா வீடு, மறுபடி அப்பா என்று சுற்றிவிட்டு பாப்பா எங்களிடம் வந்தாள்.

சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் தலையணை உறையைத் துவைக்க உருவினால் உள்ளே காகிதத்தில் சுற்றிய களித்துண்டும் பாதி நிப்பட்டும் கிடக்கின்றன. விழுந்து முட்டியில் ரத்தம் வந்தாலும் அழ மாட்டாள், பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு போய்விடுவாள். பால் ஊற்ற வருகிறவர் மடியில் போய் உட்காருகிறாள், அவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. ராத்திரி கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். விளக்கை அணைக்கும்போது தினமும் ஒரே கேள்விதான்: "அத்தை, நாளைக்கும் நான் இங்கதான இருப்பேன்?"

"சின்னப் பிள்ளைதானே, வளர வளர மறந்துடும்" என்கிறார் மாமியார். என் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டு பேரும் அவளிடம் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். நாளைக்கு வாழ்க்கையில் ஒன்று என்றால் உடைந்து போகாமல் நிற்கிற மனசு இவளுக்கு வர நான் என்ன செய்ய வேண்டும்? இப்படிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர் டீச்சர்:

அக்கா, முதலில் உங்களுக்கு ஒரு கும்பிடு. "வளர வளர மறந்துடும்" என்பதை மட்டும் நம்பிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, சித்தேரி மலைப் பக்கம் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய், பிள்ளைகளை ஆயா தாத்தாவிடம் விட்ட குடும்பங்கள் நிறைய. எங்கள் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம். நடந்தது என்ன என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வாத்தியார் குரல் உயர்ந்தால் தோள் ஒடுங்கும். பக்கத்துப் பையன் பென்சிலை எடுத்தால் கடித்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் முதலில் ஒன்று செய்யுங்கள். வகுப்பு டீச்சரைத் தனியாகப் பார்த்து, முழுக் கதையும் வேண்டாம், "அம்மா இல்லை, என்னிடம் வளர்கிறாள், குரல் உயர்ந்தால் பயப்படுவாள்" என்ற அளவுக்குச் சொல்லிவிடுங்கள். "உங்க அம்மா எங்க? அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லு" என்று வகுப்பு நடுவில் யாரும் கேட்டுவிடக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் 'என் குடும்பம்' படம் வரையச் சொல்லும் நாள் வரும். அதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி, யார் யாரை வரையலாம் என்று அவளே முடிவு செய்துவிட்டால் அன்றைக்குத் திணற மாட்டாள்.

இன்னொன்று, அவளுக்கென்று தினமும் ஒரு வேலை. என் வகுப்பில் ஒரு பையன், யாரோடும் ஒட்ட மாட்டான். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். லீவு போடுவது குறைந்தது. தான் வராவிட்டால் செடி வாடும் என்ற நினைப்பு அவனைக் காலையில் எழுப்பிவிட்டது.

அரசுப் பள்ளி என்றால் காலை உணவு உண்டு. 2022 இல் தொடங்கி, அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்ட திட்டம். வீட்டில் சாப்பிட்டாலும் அங்கே மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். நேரத்துக்குச் சோறு வரும் என்று வயிறு நம்ப வேண்டும், சாப்பாடு பதுக்கும் பிள்ளைக்கு அதுதான் முதல் தேவை.

காரிமங்கலம் விவசாயி:

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் தங்கச்சி. பாவம் பாவம் என்று தாங்கினால் பிள்ளை எழுந்து நிற்காது. நாங்களெல்லாம் அடி வாங்கி, கஞ்சி குடித்து, மாடு மேய்த்துக்கொண்டே படித்தவர்கள். கஷ்டம்தான் எங்களை நிமிர்த்தியது. தக்காளி நாற்றையே நடுவதற்கு முன்னால் தண்ணியைக் குறைத்து வெயில் காட்டித்தான் எடுக்கிறோம். அப்போதுதான் வயலில் நிற்கும். உணவைப் பதுக்கினால் ஒரு தடவை கண்டித்தால் போதும், நின்றுவிடும்.

பென்னாகரம் லாரி:

அண்ணா, உங்கள் வயசுக்கு மரியாதை. ஆனால் நான் அந்த மாதிரிப் பிள்ளையாக இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

அப்பா இல்லை. அம்மா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். விடுதியில்தான் வளர்ந்தேன். அடி நிறைய வாங்கியிருக்கிறேன். யார் முகத்தில் கோபம் வருகிறது என்று தூரத்திலிருந்தே பார்க்கக் கற்றுக்கொண்டேன், பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். அடி எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

என்னை மனுஷனாக்கியது விடுதியில் சமைத்த ஒரு அம்மா. பெரிய அறிவுரை எதுவும் சொன்னதில்லை. நான் பந்து விளையாடிவிட்டு லேட்டாக வந்தால் என் தட்டில் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கரண்டியை வைத்திருப்பார். கரண்டி இருந்தால் அது என் தட்டு, வேறு யாரும் எடுக்கக் கூடாது என்று கணக்கு. எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அந்தத் தட்டு மாறவில்லை. இன்றைக்கு வண்டியில் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போனாலும், ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு என் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்காமல் தூங்க மாட்டேன். அந்தப் பழக்கம் அவரிடமிருந்து வந்தது.

நாற்று என்று சொன்னீர்கள். நீங்களே சொல்லுங்கள், விதை முளைத்த அன்றைக்கே வெயிலில் வைப்பீர்களா? நிழல் வலைக்குள் வைத்து, இலை விட்டு, வேர் பிடித்த பிறகுதானே வெளியே எடுப்பீர்கள்? இந்தப் பிள்ளைக்கு நிழல் வலையே இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

காரிமங்கலம் விவசாயி:

நீ சொல்வதும் சரி தம்பி. கண்டிக்க வேண்டும் என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த டீச்சரம்மா சொன்ன மாதிரி வேலை கொடுக்கணும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வருகிறவன் போகிறவனெல்லாம் அவள் காதுபட "ஐயோ, தாயில்லாப் பிள்ளை" என்று உச்சுக் கொட்டுவதை முதலில் நிறுத்தணும்.

பாலக்கோடு அத்தை:

ஆமாம் அண்ணா. போன வாரம் மண்டியிலிருந்து வந்த சொந்தக்காரர் அவள் எதிரிலேயே அண்ணி செத்த கதையைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். இவள் எழுந்து போய்க் கன்றுக்குட்டி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஓசூர் செவிலி:

நான் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த நடத்தைகள் ஏன் வருகின்றன என்று சொல்கிறேன், புரிந்துவிட்டால் உங்களுக்குக் கோபமும் பயமும் குறையும்.

அடுத்த வேளை சோறு வருமா, கதவு எப்போது திறக்கும், அப்பா எந்த மனநிலையில் வருவார் என்று தெரியாமல் வருஷக்கணக்கில் வாழ்ந்த குழந்தையின் உடம்பு எப்போதும் ஆபத்துக்குத் தயாராகவே இருக்கப் பழகிவிடும். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அதற்காகச் சுரப்பது. ஆபத்து போனதும் அது இறங்க வேண்டும். இவர்களுக்கு இறங்குவதற்கு நேரம் எடுக்கும். சாப்பாட்டைப் பதுக்குவது, கதவுச் சத்தத்துக்கு எழுவது எல்லாம் அந்த ஷெட்டில் அவளைக் காப்பாற்றிய புத்திசாலித்தனம். அடிபட்டும் அழாமல் இருப்பதைத் தைரியம் என்று ஊர் மெச்சும். அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அதனால் அவள் அழாவிட்டாலும் நீங்கள் போய் உட்காருங்கள். "வலிக்குமே, காட்டு" என்று மருந்து போடுங்கள். ஒவ்வொரு தடவையும்.

ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955 இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் நாற்பது வயது வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல வேலை, நல்ல குடும்பம் என்று தேறி வந்தார்கள். தேறியவர்களைப் பார்த்தால், பெற்றோரோ, பாட்டியோ, அத்தையோ, டீச்சரோ, யாராவது ஒருவர் அவர்களுக்கு மாறாமல் இருந்திருக்கிறார். சின்ன வயசில் தேறாதவர்களிலும் நிறையப் பேர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். பென்னாகரம் அண்ணன் சொன்ன தட்டும் கரண்டியும் இதே விஷயம்தான்.

ருமேனியாவில் அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களுக்கு அறிவும் மனசும் நன்றாகத் தேறியது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். இவள் ஆறு வயதில் வந்தாள் என்று கவலைப்படாதீர்கள். பலன் மெதுவாக வரும், அதற்கேற்ற பொறுமை நமக்கு வேண்டும்.

பால்காரர் மடியில் உட்காரும் விஷயத்தை மட்டும் சீக்கிரம் கவனிக்க வேண்டும். பல கைகளில் மாறி வளர்ந்த குழந்தைக்கு யார் நம்முடையவர், யார் அன்னியர் என்ற கோடு அழிந்து போயிருக்கும். பார்க்கிறவர்கள் "எவ்வளவு நல்லாப் பழகுது" என்பார்கள். ஆனால் தப்பான ஆள் கையில் சிக்குவது இந்தக் குழந்தைகள்தான். கொஞ்ச காலத்துக்குத் தூக்குவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மாமியாரும் மட்டும் செய்யுங்கள். வெளியாட்களுக்குக் கை குலுக்கினால் போதும். யார் தூக்கலாம், யார் தூக்கக் கூடாது, பிடிக்காவிட்டால் எப்படிக் கத்துவது என்பதை விளையாட்டாகவே சொல்லிக் கொடுங்கள்.

ஒரு தடவை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். சத்துக் குறைவு, காது, கண் எல்லாம் பார்க்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், காசு கிடையாது. தூக்கம் கெட்டுக்கொண்டே போனாலோ, தன்னைத்தானே அடித்துக்கொண்டாலோ குழந்தை மனநல மருத்துவரிடம் போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. போனில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

கிருஷ்ணகிரி அம்மா:

நாங்கள் சட்டப்படி தத்தெடுத்தவர்கள். மகள் எங்களிடம் வரும்போது அவளுக்கு நான்கு வயது. நம் மாவட்டத்தில் பெண் பிள்ளை என்றாலே சுமை என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. 1992 இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001 இல் தர்மபுரிக்கும் கொண்டு வந்தது அதனால்தான். ஆறு வயசுப் பெண்ணை மூன்றாவது பிள்ளையாக வாரி எடுத்துக்கொண்ட உங்கள் குடும்பத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

பதுக்கலுக்கு எங்கள் வீட்டில் பலித்தது: அவளுக்கென்று மூடி போட்ட ஒரு டப்பா. நிலக்கடலை, பொரி உருண்டை என்று கெட்டுப்போகாததாகப் போட்டு, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். யாரையும் கேட்காமல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். காலியாகும் முன்னால் நாங்களே நிரப்பிவிடுவோம், அதுதான் முக்கியம். முதலில் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள். பிறகு பக்கத்தில் வைத்தாள். பிறகு அது அலமாரிக்குப் போய்விட்டது. தலையணைக்குள் கிடைப்பதை எடுத்துக் காட்டி அசிங்கப்படுத்தாதீர்கள்.

அடுத்து, யாரும் சொல்லாததால் நான் பயந்துபோன ஒன்று. உங்களை அவள் நம்ப ஆரம்பிக்கும்போது ரகளை கூடும். எங்கள் மகள் முதல் மாதங்களில் தங்கம். அப்புறம் ஒரு நாள் நான் சீப்பால் தலைவாரும்போது முடி சிக்கியதற்கு அரை மணி நேரம் கத்தி, என்னை அடித்து, "நீ எங்க அம்மா இல்ல" என்றாள். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் விட்டுப்போய், அழுதாலும் விட மாட்டார்களா என்று சோதித்துப் பார்க்கிறாள் என்பது எனக்கு ஒரு ஆலோசகர் சொன்ன பிறகுதான் புரிந்தது. அந்தச் சமயத்தில் "இப்படிப் பண்ணினா கொண்டுபோய் விட்டுருவேன்" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. விளையாட்டுக்குக்கூட. எங்கள் வீட்டில் என் மாமனாரிடம் கை கூப்பிக் கேட்டுக்கொண்டேன்.

அவள் அம்மாவின் போட்டோ ஏதாவது இருந்தால் வீட்டில் மாட்டுங்கள். அம்மாவைப் பற்றி நல்லதாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: நன்றாகப் பாடுவார், மல்லிப்பூ பிடிக்கும், இந்த மாதிரி. அப்பாவைப் பற்றிப் பொய்யும் வேண்டாம், திட்டும் வேண்டாம். "அப்பாவுக்குக் குடிநோய் இருக்கு, அதனால பிள்ளையப் பாத்துக்க முடியல, அது உன் தப்பில்ல" என்றால் ஆறு வயதுக்குப் புரியும். தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று குழந்தைகள் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கும்.

பர்கூர் ஆயா:

என் பேத்தி தட்டச்சு செய்கிறாள். நானும் மகள் பிள்ளைகளை வளர்க்கிறேன். ராத்திரி கேட்கிற கேள்விக்கு ஒரே பதில் சொல்லு தாயி. ஒரு நாள் ஒரு மாதிரி, இன்னொரு நாள் வேற மாதிரி சொல்லாதே. "ஆமாம் கண்ணு, நாளைக்கும் இங்கதான், காலைல எழுந்ததும் கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லு. எரிச்சலாக வந்தாலும் சொல்லு. உன் பசங்களையும் பாத்துக்க, புதுசா வந்தவளுக்கே எல்லாம் என்று அதுங்க மனசுல வந்திடக் கூடாது.

பாலக்கோடு அத்தை:

படிக்கப் படிக்க அழுகை வந்துவிட்டது. டப்பா வாங்கிவிட்டோம், சிவப்பு மூடி போட்டது, அவளே கடையில் தேர்ந்தெடுத்தாள். நிலக்கடலையை எண்ணிப் போடுகிறாள். தலையணைக்குள்ளும் இன்னும் கிடைக்கிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்கூட ஆயா சொன்ன பதிலையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெரிய பையனோடு நானும் தனியாக மாந்தோப்புப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன், அவனுக்கும் மனசில் கொஞ்சம் இருந்திருக்கிறது. எங்கள் கதவுக்கு இப்போது தாழ் கீழே இல்லை, மேலே போட்டுவிட்டோம். போடும்போது அவளைக் கூப்பிட்டு வீட்டுக்காரர் தூக்கிப் பிடிக்கிறார், அவள்தான் போடுகிறாள். ராத்திரி எழுவது முழுசாக நிற்கவில்லை.

இப்போது வேறு பயம். அண்ணன் குடித்துவிட்டுப் போன் செய்து "என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்" என்கிறார். வந்து இழுத்துக்கொண்டு போனால் நான் என்ன செய்ய முடியும்? என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை.

தர்மபுரி வக்கீல்:

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மறுபடி ஒரு தடவை வீடு மாறினால் நீங்கள் கட்டியது எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தை நலக் குழு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் நடந்ததை எழுதிக் கொடுங்கள், அவர்கள் குழுவின் முன் கொண்டு போவார்கள். குழு வீட்டை வந்து விசாரித்து, உங்களைத் தகுதியான நபர் என்று ஏற்று, குழந்தையை உங்கள் பராமரிப்பில் விடுவதாக எழுத்தில் உத்தரவு போட முடியும். உத்தரவு இருந்தால் அண்ணன் வந்து நின்றாலும் "குழுவிடம் பேசுங்கள்" என்று சொல்லலாம். அதற்குள் வந்து தகராறு செய்தால் குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர எண் 112க்குப் போன் செய்யுங்கள். அவர் குடியை விட்டுத் திரும்பி வந்தால் குழந்தையைப் பார்க்கும் ஏற்பாட்டையும் குழு வழியாகவே செய்யுங்கள். அவருக்கும் ஒரு வழி திறந்து இருக்கட்டும்.

நிரந்தரமாக என்றால் இரண்டு வழி. 1890 காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளராகக் கேட்கலாம். இல்லாவிட்டால் உறவினர் தத்து. சட்டத்தில் 'உறவினர்' பட்டியலில் அத்தை வருகிறார். அப்பா உயிரோடு இருப்பதால் அவர் சம்மதம் வேண்டும், அதனால் அது பிறகு.

பண உதவிக்கும் கேளுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதி இருந்தால் மாதம் 4000 ரூபாய், கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2000 ரூபாய். பெற்றோரில் ஒருவரை இழந்து, மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளையும் அதில் பார்க்கிறார்கள். உங்கள் விஷயம் எதில் பொருந்தும் என்று அலகில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளியில் படிப்பதற்கான சான்று, உங்கள் ஆதார், குடும்ப அட்டை, அண்ணியின் இறப்புச் சான்று.

பாலக்கோடு அத்தை:

இறப்புச் சான்று யாரும் வாங்கவில்லையே. அண்ணி இறந்தது பெங்களூர் ஆஸ்பத்திரியில்.

தர்மபுரி வக்கீல்:

ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பியிருப்பார்கள். கர்நாடகாவில் இ-ஜன்மா என்ற பிறப்பு இறப்புப் பதிவு இணையதளம் வழியாகத்தான் பதிவு. அண்ணி பெயர், இறந்த தேதி, ஆஸ்பத்திரி, இந்த மூன்றும் சரியாகத் தெரிந்தால் தேடி எடுக்கலாம். பெயர் கன்னடத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதில் தடுமாற்றம் வரலாம், டிஸ்சார்ஜ் சீட்டோ ரசீதோ இருந்தால் கையில் வையுங்கள். சான்று வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

ஓசூர் செவிலி:

அக்கா, ஆஸ்பத்திரி பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஓசூரிலிருந்து போய் வருவது எனக்குச் சுலபம், கன்னடமும் தெரியும். லீவு நாளில் நானே ரெக்கார்டு பிரிவில் கேட்டு வருகிறேன்.

பாலக்கோடு அத்தை:

அனுப்பிவிட்டேன். ரசீது ஒன்று அண்ணன் பெட்டியில் இருப்பதாகப் பெரியம்மா சொல்கிறார், நாளைக்குப் போய் எடுக்கிறேன். மனுவைத் திங்கட்கிழமை கொடுக்கிறோம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

தர்மபுரி வக்கீல்:

முதல் நாள் வேண்டாம். குழு கூப்பிடும்போது கூட்டிப் போங்கள். எதற்குப் போகிறோம், யார் பேசுவார்கள், முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து வீட்டுக்குத்தான் திரும்புவோம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அவளுடைய டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள், காத்திருக்க நேரமாகும்.